நாடித்துடிப்பு 82

கேள்வி: வணக்கம் அம்மா. எனக்கு 28 வயது. திருச்சியில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை. மூன்று வருடமாக ஒரு திகில் நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். நாயகி மலர் ஒரு நர்ஸ். பத்து வருடத்துக்கு முன்னால் இரவு டியூட்டியில் தவறான ஊசி போட்டுவிடுகிறாள், நோயாளி இறந்துபோகிறார். அவள் யாரிடமும் சொல்லவில்லை. இப்போது அந்த நோயாளி ஆவியாகத் திரும்பி வந்து அதே மருத்துவமனையில் ஒவ்வொருவராகப் பழிவாங்குகிறார், கடைசியில் மலரின் கழுத்தை நெரிக்கிறார். நான்கு நண்பர்களுக்குப் படிக்கக் கொடுத்தேன். நான்கு பேரும் "நல்லாதான் இருக்கு, ஆனா பயமா இல்ல" என்கிறார்கள். எங்கே பிசகுகிறது? ஆஸ்பத்திரியில் நிஜமாகவே பேய் பயம் உண்டா? என் அம்மா 26 வருடம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்தவர். அவரிடம் கேட்டால் "போய் உன் வேலையப் பாரு" என்று எழுந்து போய்விடுகிறார். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நான்காம் அத்தியாயத்தை இணைத்திருக்கிறேன். — ஒரு வாசகர், திருச்சி.

பதில் (ஓய்வுபெற்ற செவிலியர் கண்காணிப்பாளர்):

அன்புள்ள தம்பிக்கு,

நான்காம் அத்தியாயத்தை இரண்டு முறை படித்தேன். முதல் முறை கண்ணாடி போட்டுக்கொண்டு, இரண்டாம் முறை கோபத்தோடு. கோபம் ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். மலர் போடும் அந்த ஊசிமருந்து "ரத்தச் சிவப்பு நிறத்தில் பளபளத்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். தம்பி, சிவப்பாகப் பளபளக்கும் மருந்தை எந்த நர்ஸும் தெரியாமல் எடுக்க மாட்டாள். கை தானாக நின்றுவிடும். ஆளைக் கொல்லும் மருந்து தண்ணீர் மாதிரி இருக்கும். வார்டில் பயம் என்று ஒன்று இருந்தால் அது இங்கேதான் தொடங்குகிறது.

பொட்டாசியம் குளோரைடு என்று ஒரு மருந்து. வார்டில் கே.சி.எல். என்போம். வாந்தி, பேதி, சில மாத்திரைகள் என்று பல காரணங்களால் உடம்பில் பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அது உயிர் காக்கும் மருந்து. சலைன் பாட்டிலில் கலந்து, சொட்டுச் சொட்டாக, மெதுவாக ஏற்ற வேண்டும். கலக்காமல் நேராக நரம்பில் தள்ளினால் இதயம் நின்றுவிடும். அந்த மருந்து 10 மில்லி ஆம்ப்யூலில், அதாவது கழுத்தை உடைத்துத் திறக்கும் சின்னக் குப்பியில் வரும். மற்ற ஊசிமருந்துகளைக் கரைக்க நாங்கள் பயன்படுத்தும் டிஸ்டில்டு வாட்டரும் 10 மில்லி ஆம்ப்யூலில்தான் வரும். இரண்டும் நிறமில்லாதவை. லேபிளில் பொடி எழுத்து. நள்ளிரவு, ஒரு ட்யூப்லைட் மினுக்கிக்கொண்டிருக்கிறது, இரண்டும் ஒரே ட்ரேயில் பக்கத்துப் பக்கத்தில் கிடக்கின்றன. இதே பிசகு உலகம் முழுக்க நடந்தது. அமெரிக்காவில் மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று கொடுக்கும் அமைப்பு 1998-ல் விட்ட முதல் எச்சரிக்கையே இந்த மருந்தைப் பற்றித்தான். இங்கிலாந்தில் நோயாளி பாதுகாப்புக்கென்று ஏற்படுத்திய அமைப்பு 2002-ல் விட்ட முதல் எச்சரிக்கையும் இதையே சொன்னது. இரண்டின் சாரமும் ஒன்றுதான்: அடர்த்தியான கே.சி.எல்.லை வார்டு அலமாரியில் வைக்காதே, எடுத்துவிடு. ஜாக்கிரதையாக இரு என்று ஆயிரம் முறை சொல்லியும் பலிக்காததால்தான் அலமாரியை விட்டே எடுக்கச் சொன்னார்கள்.

ஆகவே மலர் கையில் சிவப்பு மருந்து வேண்டாம். தண்ணீர் போல ஒரு ஆம்ப்யூல் போதும். அதை உடைக்கும் நொடியில் யாராவது அவளைக் கூப்பிடட்டும். "சிஸ்டர், எங்க அப்பாவுக்கு டிரிப்ஸ் முடிஞ்சிடுச்சு, ரத்தம் ஏறுது." அவள் திரும்பிப் பார்த்து "வரேன், இருங்க" என்று சொல்லிவிட்டு மறுபடி ட்ரேயைப் பார்க்கும்போது கை போகும் இடம் இரண்டு அங்குலம் மாறியிருக்கும். சரியான ஆளா, சரியான மருந்தா, சரியான அளவா, சரியான வழியா, சரியான நேரமா என்று ஐந்தையும் பார்க்கச் சொல்லி எங்களுக்கு மனப்பாடமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். ஐந்தையும் பார்த்த பிறகுதான் யாரோ கூப்பிடுவார்கள். இந்த இடத்தை இரண்டு பக்கம் எழுதுங்கள். வாசகர் ஆம்ப்யூலைப் பார்த்துவிட வேண்டும், மலர் பார்க்கக் கூடாது.

அடுத்து, ஆஸ்பத்திரியில் பேய் பயம் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் வெள்ளைப் புடவை, கொலுசு, மல்லிகைப்பூ வாசனையெல்லாம் வெளியாட்கள் கட்டிய கதை. வார்டில் வாசனை என்றால் ஃபினாயில்தான். எங்களுக்கென்று வேறு பயங்கள் இருந்தன. "இன்னிக்கு வார்டு அமைதியா இருக்கு" என்று யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது. புதிதாக வந்த பெண் சொல்லிவிட்டால் ஹெட் சிஸ்டர் முறைப்பார். சொன்ன அரைமணியில் ஆம்புலன்ஸ் வந்து நிற்கும் என்று நம்பிக்கை. ஒன்று போனால் மூன்று போகும் என்பார் ஆயாம்மா. ஒருவர் இறந்த கட்டிலில் அன்றைக்கே இன்னொருவரைப் படுக்க வைத்தால், பக்கத்துக் கட்டில்காரர் காலைக்குள் அவரிடம் விஷயத்தைச் சொல்லிவிடுவார். அவர் தரையில் பாயை விரித்துவிடுவார்.

அப்புறம் அமுக்குவான். நைட் டியூட்டி முடிந்து காலை பத்து மணிக்கு ஜன்னலை அடைத்துவிட்டுப் படுப்போம். கண் விழிக்கும், உடம்பு அசையாது. யாரோ மார்மேல் உட்கார்ந்திருப்பார்கள், கதவோரம் ஒரு உருவம் நிற்கும். தூக்கத்தில் கனவு வரும் கட்டத்தில் உடம்பின் தசைகளை மூளை பூட்டி வைக்கிறது. பூட்டு திறப்பதற்கு முன்னால் விழிப்பு வந்துவிட்டால் இப்படித்தான் ஆகும். தூக்கம் கெட்டவர்களுக்கு இது சகஜம், ஷிஃப்ட் மாறி மாறி வேலை பார்ப்பவர்களுக்குக் கேட்கவே வேண்டாம். காரணம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று நினைக்காதீர்கள். எனக்குக் காரணம் தெரியும். கதவோரம் நிற்பவர் யாரென்றும் தெரியும். அதற்கு வருகிறேன்.

உங்கள் நாவலின் பெரிய பிசகு எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். உங்கள் ஆவி ஏன் கழுத்தை நெரிக்கிறது? அவருக்கு மலர்மேல் என்ன வஞ்சம்? அவள் அவரைக் கொல்ல நினைக்கவில்லையே. பழையனூர் நீலி துரத்தினாள் என்றால் அவளுக்குத் துரோகம் செய்து, தெரிந்தே கொன்றவன் ஒருவன் இருந்தான். அந்தப் பேய்க்குப் பழி நியாயம். தெரியாமல் நடந்த சாவுக்கு நம் ஊரில் வேறு கதை இருக்கிறது. நான் கும்பகோணம் பக்கத்துக்காரி, சின்ன வயதிலிருந்து கேட்ட கதை.

வரகுண பாண்டியன் பொழுது சாயும் நேரம் குதிரையில் வருகிறான். வழியில் அயர்ந்து கிடந்த ஒரு அந்தணர்மேல் குதிரையின் குளம்பு பட்டுவிடுகிறது. அவர் இறந்துபோகிறார். அரசனுக்குத் தெரியவே தெரியாது. ஆனாலும் பிரம்மஹத்தி, அதாவது அந்தணரைக் கொன்ற பாவம், ஒரு உருவமாக வந்து பிடித்துக்கொள்கிறது. அவன் என்ன தானம் செய்தாலும் விலகவில்லை. கடைசியில் திருவிடைமருதூர்க் கோயிலுக்குள் கிழக்கு வாசல் வழியாக நுழைகிறான். பிரம்மஹத்தியால் உள்ளே வர முடியவில்லை, வாசலிலேயே நின்றுவிடுகிறது. அவனை மேற்கு வாசல் வழியாகப் போகச் சொல்லி இறைவன் அனுப்பிவிடுகிறார். கிழக்கு வாசலில் அதற்குச் சிலை இருக்கிறது. இன்றைக்கும் போன வழியே திரும்பி வரக்கூடாது என்பார்கள். சின்னப் பிள்ளையில் என் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தச் சிலையைக் கடக்கும்போது எனக்கு அரசன்மேல் இரக்கம் வரவில்லை. அந்தப் பிரம்மஹத்தி பாவமாக இருந்தது. அது யாரையும் அடிக்கவில்லை, கடிக்கவில்லை. உள்ளே போனவன் வருவான் என்று வாசலில் உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். அவன் வேறு வழியாகப் போய்விட்டான் என்று யாரும் அதற்குச் சொல்லவேயில்லை.

எனக்குத் தெரிந்த எந்த நோயாளியும் பழிவாங்குகிற சாதி கிடையாது. வார்டில் படுத்திருப்பவர் கூப்பிடுவார், காத்திருப்பார். மறுபடி கூப்பிடுவார். உங்கள் ஆவியும் அதையே செய்யட்டும்.

நாங்கள் படிப்பு முடிக்கும்போது விளக்கேற்றி ஒரு உறுதிமொழி எடுப்போம். நைட்டிங்கேல் உறுதிமொழி என்று பெயர், ஆனால் நைட்டிங்கேல் எழுதியதல்ல. 1893-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் எழுதப்பட்டது. அதில் ஒரு வரி, தீங்கு செய்யும் மருந்தைத் தெரிந்தே கொடுக்க மாட்டேன் என்று வரும். வெள்ளை உடுப்பும் கையில் விளக்குமாக நிற்கும்போது அந்தத் 'தெரிந்தே' யார் காதிலும் விழாது. பிறகு வாழ்நாள் முழுக்க அந்த ஒரு சொல்லில்தான் குடியிருக்க வேண்டியிருக்கும். உங்கள் நாவலும் அந்தச் சொல்லுக்குள்தான் நடக்கிறது.

நைட்டிங்கேல் அம்மையாரையே எடுத்துக்கொள்ளுங்கள். விளக்கேந்திய சீமாட்டி என்று பாடப் புத்தகத்தில் படித்திருப்பீர்கள். 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியில் ஸ்குட்டாரி படை மருத்துவமனைக்குப் போனார். அந்தக் குளிர்காலத்தில் அங்கே 4,000-க்கும் மேற்பட்ட சிப்பாய்கள் இறந்தார்கள். பெரும்பாலும் குண்டடியால் இல்லை, காய்ச்சலும் கழிச்சலும்தான். கட்டடத்துக்கு அடியில் சாக்கடை அடைத்துக் கிடந்தது. 1855 மார்ச்சில் லண்டனிலிருந்து வந்த சுகாதாரக் குழு அதைச் சுத்தம் செய்து, காற்றோட்டத்துக்கு வழி செய்த பிறகுதான் சாவு மளமளவென்று குறைந்தது. அதுவரை அவர் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் தெரியுமா? சிப்பாய்கள் பட்டினியாலும் களைப்பாலும் குற்றுயிராக வந்து சேர்கிறார்கள், அதனால் இறக்கிறார்கள் என்று. ஊர் திரும்பி, வில்லியம் ஃபார் என்ற புள்ளிவிவர நிபுணரோடு உட்கார்ந்து கணக்குப் பார்த்தபோதுதான் தெரிந்தது, ஆளைக் கொன்றது அந்தக் கட்டடமே என்று. விளக்கை ஏந்திக்கொண்டு அவர் நடந்த அதே வராந்தாக்கள். அதன் பிறகு பல வருடம் அறையை விட்டு வெளியே வராமல், படுக்கையிலிருந்தபடியே எழுதிக் குவித்தார். குற்ற உணர்வு என்கிறார்கள் சில ஆய்வாளர்கள். போர்முனையில் தொற்றிய புருசெல்லா காய்ச்சலின் மிச்சம் என்கிறார்கள் வேறு சிலர். இரண்டும் இருக்கலாம் என்பது என் கட்சி. கொல்லப்பட்டவர்களின் பலிபீடத்தில் நிற்கிறேன் என்று தனிக்குறிப்பில் எழுதிவைத்தவர் அவர். காய்ச்சலில் மட்டும் அந்த வாக்கியம் வராது.

உங்கள் கதைக்கு மிக நெருக்கமான சமீபத்திய வழக்கு ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் டென்னசி மாநிலம், 2017 டிசம்பர். ரடோண்டா வாட் என்ற நர்ஸ். ஸ்கேன் எடுக்கப் பயந்த 75 வயது அம்மாவுக்குப் பதற்றம் தணிக்கும் மருந்து கொடுக்க வேண்டும். மருந்து எடுக்கும் இயந்திரத்தில் பெயரின் முதல் இரண்டு எழுத்தைத் தட்டியிருக்கிறார். அதே இரண்டு எழுத்தில் தொடங்கும் இன்னொரு மருந்து வந்தது, வெக்குரோனியம். அது தசைகளைச் செயலிழக்கச் செய்வது. மூச்சே விட முடியாது. வழியில் வந்த எச்சரிக்கைகளைத் தாண்டிப் போயிருக்கிறார். அந்த அம்மா இறந்துபோனார். இங்கேதான் கவனியுங்கள். தவறு தெரிந்த உடனே ரடோண்டா சொல்லிவிட்டார். ஆனால் இறப்புக்கு முதலில் பதிவான காரணம் மூளையில் ரத்தக்கசிவு. மருந்து மாறிய பேச்சே அதில் இல்லை. மறு வருடம் பெயர் தெரியாத ஒரு புகார் போன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. 2022-ல் குற்றவாளி என்று தீர்ப்பாகி, மூன்று வருட நன்னடத்தைக் கண்காணிப்பில் விட்டார்கள். உலகம் முழுக்க நர்ஸுகள் அந்தத் தீர்ப்பைப் பார்த்து ஒரே விஷயத்தைத்தான் பேசினார்கள்: சொன்னவளுக்கு இந்தக் கதி என்றால் இனி யார் சொல்வார்கள்?

இப்படித் தவறு நடந்த பிறகு உள்ளே நொறுங்கிப்போகும் மருத்துவரையும் நர்ஸையும் 'இரண்டாவது பலி' என்று 2000-ல் ஆல்பர்ட் வூ என்ற அமெரிக்க மருத்துவர் எழுதினார். இறந்தவர் குடும்பத்தின் எதிரில் அந்தச் சொல்லை என்னால் வாய்விட்டுச் சொல்ல முடியாது. ஆனாலும் அவர் சொன்ன நிலை உண்மை. சியாட்டிலில் 2010-ல் ஒரு குழந்தைக்குப் பத்து மடங்கு கால்சியம் கொடுத்துவிட்ட நர்ஸ் ஒருவர், அதையும் உடனே சொன்னவர்தான், அடுத்த ஆண்டு தன் உயிரை மாய்த்துக்கொண்டார். இதைப் படிக்கும் நர்ஸ் யாராவது அந்த மாதிரி இருட்டில் இருந்தால் கதையைப் படித்துக்கொண்டிருக்காமல் 14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், இலவசம், தமிழில் பேசலாம்.

சரி, கதவோரம் நிற்பவர்.

1991. ஒரு அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு. 50-க்கும் மேல் ஆட்கள், கட்டிலில் பாதி, தரையில் பாதி. நைட்டில் நானும் இன்னொரு சிஸ்டரும். அவரைப் பிரசவ வார்டில் ஆள் இல்லை என்று பத்து மணிக்கே கூட்டிப் போய்விட்டார்கள். 17-ம் நம்பர் கட்டிலில் ஒரு பெரியவர், இதயம் பலவீனமாகி கால் வீங்கி வந்தவர். துணைக்கு இருந்த மகன் பணம் புரட்ட ஊருக்குப் போயிருந்தார். பன்னிரண்டரை மணிக்கு மருந்து குடித்த கேஸ் ஒன்று வந்தது. எங்கள் பக்கம் மருந்து குடித்த கேஸ் என்றால் பூச்சிமருந்து என்று அர்த்தம். அதற்கு அட்ரோபின் போட வேண்டும், சில நிமிடத்துக்கு ஒரு முறை, கண்மணியைப் பார்த்துப் பார்த்து. ஹவுஸ் சர்ஜன் பையன் ஒருவன், நான் ஒருத்தி. அந்த இளைஞனுக்கு 22 வயது இருக்கும். பிழைத்துவிட்டான்.

ஒரு மணிக்குப் பக்கத்தில் 17-லிருந்து கூப்பிட்டார். "சிஸ்டர்... தண்ணி."

"வரேன்ப்பா."

இன்னொரு முறையும் கூப்பிட்டார் என்று நினைக்கிறேன். அப்புறம் கூப்பிடவில்லை. தூங்கிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். இதய நோயாளிக்குத் தண்ணீரை அளந்துதான் தர வேண்டும், அதுவும் எனக்குச் சாக்காகப் போயிற்று.

ஐந்தரை மணிக்குத்தான் உட்கார்ந்தேன். ஐம்பது சார்ட் காலியாக இருந்தது. நாடித்துடிப்பு, மூச்சு, காய்ச்சல். இரவு இரண்டு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு ஒன்று. எட்டு மணிக்கு அடுத்த ஷிஃப்டுக்கு ஓவர் கொடுக்கும்போது சார்ட் நிறைந்திருக்க வேண்டும். எழுதினேன். உட்கார்ந்த இடத்திலிருந்தே வரிசையாக எழுதிக்கொண்டே போனேன். 80, 84, 78. 17-ம் நம்பருக்கு இரண்டு மணிக்கு 84, ஆறு மணிக்கு 82. இதை நான் மட்டும் செய்ததாக நினைத்துக்கொள்ளாதீர்கள், எனக்கு அது சமாதானமும் இல்லை.

ஆறடிக்கப் பத்து நிமிடம் இருக்கும். தரை துடைக்க வந்த ஆயாம்மா என் மேஜைக்கு வந்து மெதுவாகச் சொன்னார். "அக்கா, பதினேழு சில்லிட்டுப் போய்க் கிடக்காரு."

போய்த் தொட்டேன். தாடை விறைத்திருந்தது. தாடை விறைக்க வேண்டுமானால் போய் இரண்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். மேஜையில் அவர் ஆறு மணிக்கு உயிரோடு இருக்கிறார், நாடித்துடிப்பு 82.

டாக்டரைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் செய்த முதல் வேலை, டிராயரில் இருந்த பாதி பிளேடை எடுத்து அந்த 82-ஐச் சுரண்டியது. அப்போதெல்லாம் மை பேனா. நன்றாகச் சுரண்டினால் போய்விடும், காகிதம் மட்டும் மெலிந்துவிடும். அதன்மேல் 5.50, நோயாளியிடம் அசைவில்லை, டியூட்டி டாக்டருக்குத் தகவல் என்று எழுதினேன். டாக்டர் வந்தார், பார்த்தார், நேரம் குறித்தார். எப்படியும் இரண்டு மூன்று நாள்தான், ஹார்ட் அந்த நிலைமை என்றார். உண்மையாகவும் இருக்கலாம்.

ஒன்பது மணிக்கு மகன் வந்தார். நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அழுது முடித்துவிட்டு என்னிடம் வந்து கை கூப்பினார். "ராத்திரி பூரா நீங்கதான் பாத்துக்கிட்டீங்கன்னு சொன்னாங்கம்மா." யார் சொன்னார்களோ. நான் தலையை ஆட்டினேன். அவசரத்தில் அவர்கள் விட்டுப்போன எவர்சில்வர் டம்ளர் ஒன்று லாக்கர்மேல் கிடந்தது. ஆயாம்மா கழுவி டிரெஸ்ஸிங் ரூமில் வைத்துவிட்டார். அதில் பஞ்சு போட்டு வைத்திருந்தோம். நான் மாற்றலாகிப் போகும் வரை நான்கு வருடம், ஒவ்வொரு டியூட்டியிலும் அதிலிருந்துதான் பஞ்சு எடுத்தேன்.

அந்தச் சம்பவத்தின் பாதியை மாணவிகளுக்கு, யாரோ ஒரு சிஸ்டருக்கு நடந்ததுபோலச் சொல்லியிருக்கிறேன். முழுதாக எழுதுவது இப்போதுதான்.

எந்த ஆவியும் என் கழுத்தை நெரிக்கவில்லை. அப்புறம் நடந்ததெல்லாம் சின்னச் சின்ன விஷயம். நாடி பார்த்தால் கடிகாரத்தில் முழு ஒரு நிமிடம் எண்ணாமல் கையை விடமாட்டேன். இரவில் எழுந்து கணவரின் மணிக்கட்டைத் தேடிப் பிடித்திருக்கிறேன், அவர் பதறி எழுந்திருக்கிறார். பஸ் பிரேக் போடும் சத்தத்தில் "சிஸ்டர்" கேட்கும். கண்காணிப்பாளரான பிறகு சார்ட்டைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்க்கும் பழக்கம் வந்தது. உட்கார்ந்து எழுதிய சார்ட் எனக்குப் பார்த்த உடனே தெரியும். எல்லாம் இரட்டைப்படை எண், ஒரே மை, எழுத்தின் சாய்வு ஒரே மாதிரி, மூச்சு மட்டும் எல்லாருக்கும் 20. பயந்தே போவார்கள் பெண்கள். மேடத்துக்கு எப்படித் தெரிகிறது என்று.

கதவோரம் அவர் நிற்பது வருடத்துக்கு இரண்டு மூன்று முறை. கோபமாக இருக்க மாட்டார், காத்திருப்பார்.

இத்தனை வருடத்தில் எனக்குப் பட்ட ஒன்றை உங்கள் கதைக்குக் கொடுக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். அவர் என்னைப் பிடித்து வைத்திருக்கவில்லை தம்பி. நான்தான் அவரைப் போகவிடாமல் வைத்திருக்கிறேன். நான் எழுதிய கணக்குப்படி அவர் சாகவில்லையே. செத்தவருக்கு உயிர் இருப்பதாகச் சார்ட்டில் எழுதியவள் நான். சுரண்டினேனே தவிர, அது பொய் என்று எவரிடமும் சொல்லி அவரை விடுவிக்கவில்லை. அவர் எந்த வாசல் வழியாகப் போவார்?

மலருக்கு இதைச் செய்து பாருங்கள். தவறான ஊசி இருக்கட்டும். ஆனால் கதை ஊசியில் நிற்க வேண்டாம். ஊசிக்குப் பிறகு அவள் சார்ட்டில் எழுதிய பொய் ஒன்று இருக்கட்டும். ஒரே ஒரு எண். பத்து வருடம் கழித்து அவள் வேலை பார்க்கும் வேறொரு மருத்துவமனையில், வேறொரு நோயாளியின் சார்ட்டில் நடுவில் ஒரு 82 வருகிறது. அவள் கையெழுத்து. அந்த நேரத்தில் அவள் டியூட்டியிலேயே இல்லை. நான்கு மணி நேரம் கழித்து இன்னொரு 82. அடுத்த கட்டில் சார்ட்டில் ஒன்று. இறந்தவரின் நாடியை யாரோ பத்து வருடமாக, நான்கு மணி நேரத்துக்கு ஒரு தரம், தவறாமல் பதிந்துகொண்டு வருகிறார்கள். அந்தக் காகிதங்கள் எல்லாம் சேர்ந்தால் எவ்வளவு உயரம் இருக்கும் என்று கணக்குப் போடுங்கள்; ஒரு அறையில் அடுக்கி வையுங்கள்; மலரை அந்த அறைக்குக் கூட்டிப் போங்கள். ஆவி வாய் திறந்து பேச வேண்டாம். பேசினால் ஒரே சொல்லை மட்டும் பேசட்டும், அதையும் கெஞ்சலாக.

இடையில் நீங்கள் போட்டிருக்கும் ஐந்து கொலைகளையும் எடுத்துவிடுங்கள். வார்டு பாய் லிஃப்டில் நசுங்குவது எனக்குச் சிரிப்பைத்தான் வரவழைத்தது, மன்னியுங்கள். நன்றி சொல்ல வரும் மகனைச் சேருங்கள். அவர் கை கூப்புவதைவிடப் பயங்கரமான காட்சி உங்கள் நாவலில் எதுவும் இருக்கப்போவதில்லை. மலர் கடைசியில் சொல்கிறாளா, யாரிடம், சொன்னதும் அவளுக்கு என்ன ஆகிறது என்பது உங்கள் பாடு. சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று மட்டும் எழுதாதீர்கள். டென்னசியில் என்ன ஆயிற்று என்று பார்த்தோமே.

கடைசியாக உங்கள் அம்மா. 26 வருடம் என்றால் அவரிடம் ஒரு எண் இருக்கும், அல்லது ஒரு டம்ளர். "நீங்க ஏதாவது தப்பு பண்ணியிருக்கீங்களாம்மா" என்று கேட்டிருப்பீர்கள், அதனால்தான் எழுந்து போகிறார். அப்படிக் கேட்காதீர்கள். நைட் டியூட்டியில் என்ன சாப்பிடுவீர்கள், கூட யார் இருப்பார்கள், மூன்று மணிக்குத் தூக்கம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். எங்கள் காலத்தில் ஸ்டெரிலைசரில் முட்டை வேகவைத்துச் சாப்பிட்ட கதையெல்லாம் உண்டு, அதையெல்லாம் சொல்வார். நடுவில் நிறுத்திவிட்டு எங்கேயோ பார்த்தார் என்றால் நீங்களும் சும்மா இருங்கள். நாவலுக்குக் குறிப்பு எடுக்காதீர்கள்.

எழுதியதை அவரிடம் படிக்கக் கொடுப்பதாக இருந்தால் அதற்கு முன் அந்தச் சிவப்பு மருந்தைத் திருத்திவிடுங்கள். முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடுவார்.